ஓஎஸ்ஜிஐயா, ஜேபிஎம்எஸ்ஸா: ஜேடிபிசி டிரைவருக்கும் ஹைபர்னேட்டுக்கும் எது தோது?

ஜாவா அப்ளிகேஷனை மாட்யூல்களாகப் பிரிக்கும்போது பிசினஸ் லாஜிக் அவ்வளவாகத் தொல்லை தராது. டேட்டாபேஸைத் தொடும் இடத்தில்தான் இழுபறி ஆரம்பிக்கும். எல்லா கிளாஸும் எல்லாருக்கும் தெரியும் என்றிருந்த கிளாஸ்பாத் காலத்தில் வளர்ந்தவை ஜேடிபிசியும் (ஜாவா டேட்டாபேஸோடு பேசும் வழி) ஹைபர்னேட்டும் (ஜாவா ஆப்ஜெக்ட்களை டேட்டாபேஸ் டேபிள்களோடு இணைக்கும் லைப்ரரி). மாட்யூல் வந்ததும் முதலில் அடிபடுவது அந்த வசதிதான். 1999-இல் தொடங்கிய ஓஎஸ்ஜிஐ என்ற மாட்யூல் அமைப்பு இதை ஒரு விதமாகவும், 2017 செப்டம்பரில் ஜாவா 9-உடன் வந்த ஜேபிஎம்எஸ் என்ற ஜாவாவின் சொந்த மாட்யூல் அமைப்பு வேறு விதமாகவும் சமாளிக்கின்றன. என் கட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன்: டேட்டாபேஸோடு இணைக்கும் டிரைவர் விஷயத்தில் ஓஎஸ்ஜிஐ, ஹைபர்னேட் பார்த்துக்கொள்ளும் பெர்சிஸ்டன்ஸ் விஷயத்தில் ஜேபிஎம்எஸ்.

டிரைவரைக் கண்டுபிடிப்பது

ஜாவா 6-உடன் ஜேடிபிசி 4 வந்ததிலிருந்து டிரைவரை ஏற்ற கிளாஸ்.ஃபார்நேம் எழுதத் தேவையில்லை. ஜாவாவின் சர்வீஸ்லோடரே டிரைவரைத் தேடி எடுத்துவிடும். ஆனால் கனெக்‌ஷன் தரும் டிரைவர்மேனேஜருக்குள் இன்னொரு சோதனை இருக்கிறது. கனெக்‌ஷன் கேட்ட கோடின் கிளாஸ்லோடர் (கிளாஸ்களைத் தேடி ஏற்றும் பகுதி) வழியாக அந்த டிரைவர் கிளாஸை மறுபடி ஏற்றிப் பார்க்கும். அதே கிளாஸ் கிடைத்தால்தான் அந்த டிரைவரைப் பயன்படுத்தும்.

ஓஎஸ்ஜிஐயில் ஒவ்வொரு பண்டிலுக்கும் (அங்கே மாட்யூலுக்கு அதுதான் பெயர்) தனி கிளாஸ்லோடர். அதனால் போஸ்ட்கிரெஸ் டிரைவர் முறையாகப் பதிவாகியிருந்தாலும் உங்கள் பண்டிலுக்கு அது கண்ணில் படாவிட்டால் "நோ சூட்டபிள் டிரைவர்" என்ற பிழைதான் வரும். டைனமிக் இம்போர்ட் (பேக்கேஜை ரன்டைமில் தேடி எடுக்கும் அனுமதி) போட்டு இதை ஒப்பேற்றுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் மாட்யூல் பிரித்ததற்கே அர்த்தம் இல்லாமல் போகும். சரியான வழி 2010-லேயே ஓஎஸ்ஜிஐ விவரக்குறிப்பில் வந்துவிட்டது: டிரைவர் பண்டில் டேட்டாசோர்ஸ்ஃபேக்டரி என்ற சர்வீஸைப் பதிவு செய்யும், நீங்கள் சர்வீஸைக் கேட்டு வாங்குவீர்கள், டிரைவர் கிளாஸின் பெயர்கூட உங்கள் கோடில் இருக்காது. போஸ்ட்கிரெஸ், எச்2 இரண்டின் டிரைவர்களிலும் இது உண்டு. ஓஎஸ்ஜிஐ பண்டில்களை ஓட்டும் கராஃபில் பாக்ஸ் ஜேடிபிசி என்ற துணைக்கருவியைச் சேர்த்தால் வேலை இன்னும் சுலபம். இடிசி ஃபோல்டரில் டிரைவர் பெயர், யூஆர்எல், டேட்டாசோர்ஸ் பெயர் அடங்கிய ஒரு கான்ஃபிக் ஃபைலை வைத்தால் போதும், டேட்டாசோர்ஸே சர்வீஸாக வந்து நிற்கும். ஒரே டிரைவரின் இரண்டு வெர்ஷன்களை ஒரே நேரத்தில் ஓட்டலாம், அப்ளிகேஷனை நிறுத்தாமலே மாற்றலாம்.

ஜேபிஎம்எஸ்ஸில் ஜாவா.எஸ்க்யூஎல் மாட்யூலே டிரைவர் சர்வீஸைப் பயன்படுத்துவதாக அறிவித்திருக்கிறது. உங்கள் மாட்யூல்-இன்ஃபோவில் (மாட்யூலின் தேவைகளை அறிவிக்கும் ஃபைல்) அதற்கு ஒரு ரிக்வயர்ஸ் வரி போதும். டிரைவர் ஜார் மாட்யூல்பாத்தில் இருந்தால் தானாகச் சேர்ந்துகொள்ளும். அப்ளிகேஷன் மாட்யூல்கள் வழக்கமாக ஒரே கிளாஸ்லோடரில் ஏறுவதால் மேலே சொன்ன சோதனையும் தடுக்காது. சுலபம்தான். ஆனால் ஜாரை வைக்க மறந்தால் கம்பைலும் ஆகும், ஸ்டார்ட்டும் ஆகும். முதல் கனெக்‌ஷனில்தான் குட்டு வெளிப்படும். விடுபட்ட மாட்யூலைத் தொடக்கத்திலேயே பிடித்துவிடும் என்ற ஜேபிஎம்எஸ்ஸின் உத்தரவாதம் இந்த இடத்துக்கு எட்டவில்லை.

என்டிட்டியும் ப்ராக்ஸியும்

லேசி லோடிங்குக்காக (தேவைப்படும்போது மட்டும் தரவை எடுப்பது) ஹைபர்னேட் உங்கள் என்டிட்டியின் (டேபிளோடு இணைத்த கிளாஸ்) சப்கிளாஸ் ஒன்றை, அதாவது ப்ராக்ஸியை, ரன்டைமில் உருவாக்கும். அந்தச் சப்கிளாஸ் ஹைபர்னேட்டின் சொந்த இன்டர்ஃபேஸ் ஒன்றை இம்ப்ளிமென்ட் செய்யும். ஓஎஸ்ஜிஐயில் அது என்டிட்டி பண்டிலின் கிளாஸ்லோடரில்தான் ஏறுகிறது. ஆகவே உங்கள் சோர்ஸில் ஒரு வரிகூடத் தொடாத ஹைபர்னேட் ப்ராக்ஸி பேக்கேஜை மேனிஃபெஸ்டில் இம்போர்ட் செய்தாக வேண்டும்; பழைய வெர்ஷன்களில் ப்ராக்ஸியை உருவாக்கிய ஜாவாஅசிஸ்ட் லைப்ரரியின் பேக்கேஜையும் சேர்த்து. பண்டில் கட்டும் பிஎன்டி டூல் பைட்கோடைப் படித்துத்தான் இம்போர்ட் பட்டியல் தயாரிக்கிறது. கோடில் இல்லாததை அது எப்படி அறியும்? கையால் எழுத வேண்டியதுதான். எழுதாவிட்டால் வரும் பிழை ஒரு கிளாஸ் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லும், எந்தப் பண்டிலைத் திருத்துவது என்று சொல்லாது. புதிதாக வந்தவர்கள் நாள்கணக்கில் அல்லாடுவது இங்கேதான்.

ஜேபிஎம்எஸ்ஸிலும் இதே தேவை உண்டு; என்டிட்டி மாட்யூல் ஹைபர்னேட்டை ரிக்வயர்ஸ் செய்ய வேண்டும். கூடவே என்டிட்டி பேக்கேஜை ஓப்பன்ஸ் வரியால் ஹைபர்னேட்டுக்குத் திறந்துவிட வேண்டும். அதை மறந்தால் வரும் பிழையைப் பாருங்கள்: எந்த மாட்யூல், எந்த பேக்கேஜை, எந்த மாட்யூலுக்குத் திறக்கவில்லை என்று மூன்றையும் பெயர் சொல்லிக் காட்டும். அப்படியே மாட்யூல்-இன்ஃபோவில் எழுதிவிடலாம். நல்ல பிழைச்செய்தி பாதி வேலையை முடித்துவிடும் என்பதால்தான் இந்தச் சுற்றில் ஜேபிஎம்எஸ் பக்கம் நிற்கிறேன்.

எதை எடுப்பது?

ஏற்கெனவே கராஃபில் இருப்பவர்கள், வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் டேட்டாபேஸ் மாறுகிறவர்கள் ஓஎஸ்ஜிஐயிலேயே இருங்கள். புதிதாக, ஒரே டேட்டாபேஸோடு தொடங்குபவர்களுக்கு ஜேபிஎம்எஸ் போதும்.

ஜேலிங்க் வைத்துச் சின்ன ரன்டைம் இமேஜ் செய்யும் ஆசை இருந்தால் மட்டும் முதலில் டிரைவர் ஜாரைச் சோதியுங்கள். ஜேலிங்க் ஆட்டோமேடிக் மாட்யூல்களை (மாட்யூல்-இன்ஃபோ இல்லாத ஜார்கள்) ஏற்காது. போஸ்ட்கிரெஸ் டிரைவர் அந்த வகைதான். ஜார் கமாண்டில் டிஸ்கிரைப்-மாட்யூல் ஆப்ஷன் கொடுத்தால் மாட்யூல் பெயருக்குப் பக்கத்தில் ஆட்டோமேடிக் என்று வரும். அப்படி வந்தால் ஜேடிகே மாட்யூல்களை மட்டும் ஜேலிங்க்கில் கட்டிவிட்டு, டிரைவரையும் அப்ளிகேஷனையும் வெளியே மாட்யூல்பாத்தில் வையுங்கள்.