தபால் ஓட்டுக்குக் கூடுதல் நாள்: பென்சில்வேனியாவும் விஸ்கான்சினும்

2020 அமெரிக்கத் தேர்தல். கொரோனாவால் தபால் ஓட்டுகள் குவிந்தன. பென்சில்வேனியாவில் மாநில உச்ச நீதிமன்றமே தபால் ஓட்டு வந்துசேரும் கெடுவை 3 நாள் தள்ளி, நவம்பர் 6 மாலை 5 மணி என்றது. விஸ்கான்சினில் 6 நாள் தள்ளியவர் ஒரு கூட்டாட்சி (மத்திய) நீதிபதி.

இரண்டுமே அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. முதலாவதில் நீதிபதிகள் 4-4 எனச் சமனாகப் பிரிய, நீட்டிப்பு நிலைத்தது. இரண்டாவதில் நீட்டிப்பு 5-3 என்ற கணக்கில் விழுந்தது. தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் சொன்ன காரணம்: மாநில நீதிமன்றம் தன் மாநில அரசியல் சாசனத்தைப் பொருள்கொள்வது வேறு, கூட்டாட்சி நீதிமன்றம் மாநிலச் சட்டத்தில் தலையிடுவது வேறு.

எனக்கு இந்தப் பிரிவினை சரியாகவே படுகிறது. ஆனால், கூடுதல் நாள் கேட்டு நின்ற வாக்காளருக்கு இது என்ன ஆறுதல்?

நீதிமன்ற நீட்டிப்பை எதிர்த்தவர்களின் வாதமும் லேசானதல்ல. நாடாளுமன்றத் தேர்தல் விதிகளை மாநிலச் 'சட்டமன்றம்' வகுக்கும் என்றுதான் அமெரிக்க அரசியல் சாசனம் சொல்கிறது. அப்படியானால் நீதிமன்றத்துக்கு என்ன வேலை? 2023இல் அதே அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், மூர் எதிர் ஹார்ப்பர் என்ற வழக்கில் 6-3 என இந்த வாதம் தோற்றது. அப்புறமும் ஒரு கொக்கி: மாநில நீதிமன்றங்கள், சட்டங்களைச் சரிபார்க்கும் வழக்கமான மறுஆய்வு எல்லையைத் தாண்டக் கூடாதாம். அந்த எல்லை எதுவென்று தீர்ப்பு வரையறுக்கவில்லை.