டொமினிக்காவில் இரண்டு பருவங்கள்: எங்கள் டிங்கியும் அதன் இடப்பக்கக் குழலும்

கிரெனடாவில் பாய்மரப் படகு வாங்கி அதிலேயே குடியேறவிருக்கும் நண்பர் ஒருவர், நாங்கள் வைத்திருக்கும் அதே டிங்கியின் (பெரிய படகிலிருந்து கரைக்குப் போய்வர உதவும், காற்றடைத்த குழல்கள் கொண்ட சிறு படகு) விலை இப்போது நன்றாக இறங்கியிருக்கிறது, வாங்கலாமா என்று சென்ற வாரம் கேட்டிருந்தார். அவருடைய செய்தி வந்த நேரத்தில் நான் கரீபியன் தீவு நாடான டொமினிக்காவின் போர்ட்ஸ்மத் கரையில், நாட்டுவாதுமை மர நிழலில், அதே டிங்கியைக் கவிழ்த்துப்போட்டு, விரலெல்லாம் பசையாக, அதே இடத்தை மூன்றாம் முறை ஒட்டிக்கொண்டிருந்தேன். “வேண்டாம்” என்று ஒரே சொல்லில் பதில் அனுப்பினேன். கோபத்தில் எழுதிய பதில் அது. நான்கு ஆண்டுகள் பயன்படுத்தியவன் இன்னும் விரிவாகவும் நடுநிலையாகவும் சொல்ல வேண்டும் என்று பிறகு தோன்றியது.

அளவு, எடை, எஞ்சின் திறன் எல்லாம் விற்பனைத் தாளிலேயே இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுகிறேன். என் மனக்குறை ஒன்றே ஒன்றுதான். இடப்பக்கக் காற்றுக் குழல், எஞ்சின் மாட்டும் பின்பலகையோடு சேரும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஒட்டு இருக்கிறது. இரண்டாம் ஆண்டின் நடுவில் அது விடத் தொடங்கியது. அதன்பின் ஒரு பருவம்கூட முழுதாக நின்றதில்லை.

முதல் சில மாதங்கள் அது கசிவு என்றே எனக்குப் புரியவில்லை. பி.வி.சி. குழலுக்குள் அடைத்த காற்று நண்பகல் வெயிலில் விரிந்து கல்லாக இறுகும். இரவில் குளிர்ந்து சுருங்கி, காலையில் குழல் தொய்ந்து கிடக்கும். எல்லா டிங்கிக்கும் உள்ள இயல்பு இது என்பதால், காலைதோறும் கால் பம்ப்பை நாற்பது தடவை மிதிப்பதும் அந்த இயல்பின் பகுதி என்று நம்பிவிட்டேன். வலப்பக்கக் குழலுக்குப் பத்து மிதியே போதுமாக இருந்ததை ஒப்பிட்டுப் பார்க்காதது என் தவறு. தலைநகர் ரோசோவுக்குத் தெற்கே ஷாம்பெயின் ரீஃப் என்னும் இடத்தில் கடல்தரையின் பிளவுகளிலிருந்து எரிமலை வாயு இடைவிடாமல் குமிழிகளாக எழுந்துகொண்டிருக்கும். நீருக்குள் முகம் வைத்து மிதந்தால் வெள்ளிமணிச் சரங்கள் நம்மைத் தொட்டுக்கொண்டு மேலேறும். காப்பகப் பகுதி என்பதால் நங்கூரம் போடக் கூடாது. டிங்கியை மிதவையில் கட்டிவிட்டு நாங்கள் இருவரும் ஒரு மணி நேரம் நீந்தினோம். டிங்கியின் பின்புறத்திலிருந்தும் பொடிப்பொடியாகக் குமிழிகள் வந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். பாறையின் குமிழிகள் என்றே எண்ணினேன். ஏறும்போது என் மனைவியின் முழங்கை இடப்பக்கக் குழலுக்குள் மெத்தென்று அமுங்கியது. அன்று மாலை சோப்பு நீரைத் தடவிப் பார்த்தபோது ஒட்டின் ஓரம் முழுவதும் நுரை பூத்தது.

இனி டிங்கியின் நல்ல பக்கத்தைச் சொல்ல வேண்டும், அதைக் குறைத்துச் சொல்வது அநியாயம். படகில் குடியிருப்பவருக்கு ஒரு தீவில் எவ்வளவு பார்க்கக் கிடைக்கும் என்பதைத் தீர்மானிப்பது பெரிய படகு அல்ல, டிங்கிதான். டொமினிக்காவின் மேற்குக் கரை பல இடங்களில் மலையின் சரிவு அப்படியே நீருக்குள் இறங்கி ஆழமாகிவிடும் கரை. படகை நம்பி விட்டுச்செல்ல வடக்கே பிரின்ஸ் ரூபர்ட் விரிகுடாவும் தெற்கே ரோசோவும் இருக்கின்றன. உள்நாட்டுக்குப் போக ‘எச்’ எண்பலகை கொண்ட பொதுப் போக்குவரத்து வேன்கள் இருக்கின்றன. இடையில் உள்ள கரை முழுவதும் டிங்கிக்கு உரியது. இதன் அலுமினிய அடித்தட்டு, கூழாங்கல் கரைகளில் இழுத்து ஏற்றப்பட்டே நான்காண்டுகள் உழைத்திருக்கிறது. கீறல் உண்டு, நெளிவு இல்லை. நானும் மனைவியும் மட்டுமே தூக்கி நீர்க்கோட்டுக்கு மேலே வைத்துவிட முடிகிறது. குளிர்காலத்தில் வடக்கிலிருந்து நீண்ட அலை வந்து தோணித்துறையைக் குலுக்கும் நாட்களில், பின்னால் சிறு நங்கூரம் போட்டு நிறுத்தினால் அடங்கி நிற்கும். தண்ணீர்க் குடம் நான்கு, காய்கறி, எரிவாயு உருளை என்று எவ்வளவு ஏற்றினாலும் முன்பகுதியான அணியம் தூக்கியே நிற்பதால் எதிரலையில் எங்களை நனைப்பதில்லை. இவ்வளவு நல்ல அடித்தட்டோடு இவ்வளவு மோசமான ஒட்டைச் சேர்த்து விற்க எப்படி மனம் வந்தது என்பதுதான் என் ஆற்றாமை.

ஏனென்றால் அந்த ஒட்டு வெறும் தொல்லை அல்ல, ஆபத்து. சென்ற பருவத்தில் ஒரு மாலை, போர்ட்ஸ்மத்துக்கு வடக்கே உள்ள டக்ளஸ் விரிகுடாவிலிருந்து கேப்ரிட்ஸ் முனையைச் சுற்றித் திரும்பும்போது, எரிபொருளில் தண்ணீர் கலந்து எஞ்சின் நின்றுவிட்டது. 1,447 மீட்டர் உயரமுள்ள டியாப்லோட்டின் மலை அந்த வட்டாரத்தில்தான் நிற்கிறது. கிழக்கிலிருந்து மலைகளைத் தாண்டி வரும் கொண்டல் காற்று அங்கே சீராக வீசாமல் திடீர் திடீரென்று வீச்சாக இறங்கும். காற்று தரையிலிருந்து கடலை நோக்கித் தள்ளுகிறது. அந்தத் திசையில் அடுத்த நிலம் மத்திய அமெரிக்கா, ஆயிரம் கடல் மைலுக்கும் அப்பால். துடுப்பை எடுத்தேன். துடுப்பைத் தாங்கிப் பிடிக்கும் கொளுவி குழலின் மேல்தான் ஒட்டப்பட்டிருக்கிறது. குழல் தொய்ந்திருந்ததால், இழுக்கும்போதெல்லாம் கொளுவி பின்னால் சாய்ந்து, பாதி வலு தண்ணீரைத் தொடாமலே குழலின் நெளிவுக்குள் போயிற்று. வலத்துடுப்பு தள்ள, இடத்துடுப்பு வழுக்க, டிங்கி வட்டமடித்தது. மனைவி பம்ப்பை மடியில் வைத்துக் கையாலேயே அழுத்திக்கொண்டிருந்தார். ஏறத்தாழ இருபது நிமிடம் கழித்து மீன்பிடித்துத் திரும்பிய ஒருவர் கயிறு வீசி எங்களை இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தார். பணம் கொடுத்தபோது கையை விலக்கிக்கொண்டார்.

அதன்பின் போர்ட்ஸ்மத்தில் கடலில் சேரும் இந்தியன் ஆற்றுக்குப் போனபோது என் கண் மரங்களில் நிற்கவில்லை. அந்த ஆற்றுக்குள் எஞ்சின் ஓட்டக் கூடாது. வழிகாட்டிதான் தம் மரப்படகில் துடுப்புப் போட்டு அழைத்துச் செல்வார். இரு கரையிலும் பலகைபலகையாக வேர்விரித்து நிற்பவை நம் வேங்கையின் பேரினத்தைச் சேர்ந்த மரங்கள். அவற்றை இரண்டாம் முறை வந்துதான் நிதானமாகப் பார்த்தேன். முதல் முறை முழுக்க, கட்டையில் உறுதியாக நின்ற அவருடைய துடுப்புக் கொளுவியையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் இழுத்த இழுப்பில் ஓர் அங்குலம்கூட வீணாகவில்லை.

பழுதுபார்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். முதல் ஒட்டை வேறொரு தீவில் தயாரிப்பாளரின் பிரதிநிதி போட்டார். மூன்று மாதத்தில் விட்டது. உத்தரவாதம் கேட்டதற்கு, வெப்பமண்டல வெயிலில் தொடர்ந்து வைத்திருந்ததால் பொருந்தாது என்று பதில் வந்தது. கரீபியனிலேயே விற்ற பொருளுக்கு அந்தப் பதிலை நான் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை. ஆனாலும் முதல் ஆண்டு முழுவதும் குழல்களுக்குத் துணி மேலுறை தைக்காமல் வெயிலில் காயவிட்டது எங்கள் பிழை. இரண்டாம் ஒட்டு நான் போட்டது. அவசரத்தில், மழை பெய்து ஓய்ந்த பிற்பகலில் போட்டேன். இரண்டு பொருள்களைக் கலந்து பூசும் இருகலவைப் பசைக்குக் காற்றில் ஈரப்பதம் கூடினால் பிடிப்பு போய்விடும். மழைக்காட்டுத் தீவில் ஈரமில்லாத நாளுக்குக் காத்திருக்கத்தான் வேண்டும். இம்முறை பன்னிரண்டு நாள் காத்திருந்து, பழைய பசையைச் சுரண்டி, துடைத்து, நிழலில் உலரவிட்டு ஒட்டினேன். பி.வி.சி.க்குப் பதிலாக ஹைப்பலான் என்னும் செயற்கை ரப்பர் பூசிய துணியாக இருந்தால் வெயிலை இன்னும் பல ஆண்டுகள் தாங்கியிருக்கும். அந்தப் பெயரில் டூபாண்ட் தயாரித்ததை 2010-இல் நிறுத்திவிட்டாலும் அதே வகை ரப்பரைப் பிறர் தயாரிக்கிறார்கள். விலை மட்டும் கூடுதல்.

ஆகவே நண்பருக்கு என் பதில் மாறவில்லை: விலை இறங்கியிருந்தாலும் வாங்க வேண்டாம், கூடுதல் பணம் கொடுத்து ஹைப்பலான் டிங்கியையே வாங்கட்டும். இதை எழுதும் நானே, பக்கத்து மிதவையில் நிற்கும் கனடாக்காரர் முந்தாநாள் எங்களுடையதை நல்ல விலைக்குக் கேட்டபோது கொடுக்க மறுத்துவிட்டேன். ஒட்டிய பின் ஆறு நாளாயிற்று. இன்று காலை இடப்பக்கத்துக்குப் பன்னிரண்டு மிதி போதுமாக இருந்தது. என் பேச்சைக் கேளாமல் நண்பர் அதே டிங்கியையே வாங்கிவிட்டால், தண்ணீரில் இறக்குவதற்கு முன்பே மேலுறை தைத்துவிட வேண்டும். மனைவி செய்தித்தாளில் வெட்டி வைத்திருக்கும் அளவுகள் அப்படியே பொருந்தும். கிரெனடாவுக்கு வரும்போது எடுத்து வருகிறோம்.