கராத்தேக்கு அப்புறம் எது? தைச்சி, பாதுவான்ஜின், ஜான்ஜுவாங்

பல வருடம் கராத்தே அடித்த பிறகு, நாற்பது வயதை ஒட்டி, "இனி கொஞ்சம் மெதுவானதாக ஏதாவது" என்று சீனப் பயிற்சிகள் பக்கம் திரும்புகிறவர்கள் நிறைய பேர். நானும் அப்படி வந்தவன்தான். இங்கே சிங்கப்பூரில் அப்படி வருகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய்ச் சேருவது தைச்சி என்ற மெதுவான சீனத் தற்காப்புக் கலையின் 24 அசைவு வகுப்பில். தொடங்குவதற்கு அது சரியான இடம் இல்லை என்பது என் உறுதியான கருத்து. நான் பழகியவற்றை அருகருகே வைத்துக் காட்டினால் காரணம் புரியும்.

முதலில் எங்கிருந்து வந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். நான் கற்றது கோஜூ-ரியூ. ஜப்பானின் ஒகினாவாவைச் சேர்ந்த மியாகி சோஜுன் (1888–1953) வகுத்த கராத்தே பாணி. அவருடைய ஆசிரியர் ஹிகாவோன்னா கன்ரியோ 19ஆம் நூற்றாண்டில் சீனாவின் ஃபூஜோ நகரில் பயின்று திரும்பியவர். அதனால் இதன் அடித்தளமான 'சஞ்சின்' கத்தாவுக்கும் (கத்தா என்றால் வரிசையாகக் கோத்த அசைவுகள்) வேர் சீனாவில்தான். பாதங்களை லேசாக உள்ளே திருப்பி, தொடை, இடுப்பு, வயிறு எல்லாவற்றையும் இறுக்கி, சத்தம் கேட்க மூச்சை விடவேண்டும். மாஸ்டர் சுற்றி வந்து தோளிலும் தொடையிலும் பளார் பளார் என்று தட்டி, எங்கேயாவது இறுக்கம் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். இளம் வயதில் உடம்பை ஒரு கட்டுக்குள் கொண்டுவர இது அருமையான பயிற்சி. ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லவே மாட்டேன். தசையை இறுக்கி மூச்சை அடக்கும்போது அழுத்தம் சட்டென்று ஏறும்.

ஜான்ஜுவாங் என்ற நிற்கும் பயிற்சி இதற்கு நேரெதிர். வெளியிலிருந்து பார்த்தால் ஒருவர் சும்மா நிற்பதாகத்தான் தெரியும். இதை ஒரு தற்காப்புக் கலையின் மையத்துக்கே கொண்டுவந்தவர் வாங் சியாங்ஜாய் (1885–1963). சிங்யீச்சுவான் என்ற சீனத் தற்காப்புக் கலை பழகியவர், அடுக்கடுக்கான கத்தாக்களையெல்லாம் ஒதுக்கிவிட்டு, நிற்பதையே அடிப்படையாக வைத்து யீச்சுவான் என்ற கலையை உருவாக்கினார். செய்முறை இவ்வளவுதான்: பாதங்கள் தோள் அகலத்தில், முழங்கால் லேசாக மடிந்து, கைகள் நெஞ்சுக்கு முன்னால் ஒரு மரத்தைக் கட்டிப்பிடித்த மாதிரி வட்டமாக.

இரண்டு மூன்று நிமிடத்தில் தோள் எரிய ஆரம்பிக்கும். அப்புறம் தொடை நடுங்கும். கராத்தேயில் ஊறியவர் உடனே பல்லைக் கடித்துத் தாங்கப் பார்ப்பார். ஜான்ஜுவாங்கில் கேட்பது வேறு. தோளைக் காதுப் பக்கம் தூக்கிப் பிடித்திருக்கும் அந்தத் தசையைத் தேடிக் கண்டுபிடித்து, அதை மட்டும் விடவேண்டும். கை அதே உயரத்தில் நிற்கும், எரிச்சல் பாதியாகக் குறையும். அடுத்து இடுப்பு, அப்புறம் தாடை. இப்படி ஒவ்வொன்றாக விட்டுக்கொண்டே வந்தால், உடம்பின் எடை முழுவதும் பாதத்துக்கு இறங்குவது தெரியும். இத்தனை வருடம் எவ்வளவு வீண் இறுக்கத்தைச் சுமந்திருக்கிறோம் என்று எனக்குத் தெரியவந்தது இந்த நிலையில்தான். மனப்பாடம் செய்ய ஒன்றுமே இல்லாததால் முதல் நாளிலேயே கவனம் முழுவதும் உடம்பின் மேல் இருக்கும். அதனால்தான் என் பட்டியலில் இதற்கு முதல் இடம்.

24 அசைவுத் தைச்சியில் இதுதான் நடக்காது. சீன அரசின் விளையாட்டு ஆணையம் 1956இல் தைச்சியின் யாங் பாணியைச் சுருக்கி, எல்லோரும் கற்கும்படி தொகுத்தது அது. முழுவதும் செய்ய ஐந்தாறு நிமிடம் போதும். பரப்பும் நோக்கம் நன்றாகவே நிறைவேறியிருக்கிறது, அதை மதிக்கிறேன். ஆனால் புதிதாகச் சேர்ந்தவருக்குப் பல மாதம் "அடுத்து எந்தக் கை, எந்தப் பக்கம்?" என்பதிலேயே மனம் ஓடும். எடை எந்தக் காலில் இருக்கிறது என்று கவனிக்க நேரமே இருக்காது. கத்தா பழகியவர்களுக்கு வரிசை சீக்கிரம் மனப்பாடம் ஆகிவிடும், வந்துவிட்டது என்றும் தோன்றிவிடும். அது இன்னும் சிக்கல்.

தைச்சியால் பலன் இல்லை என்று சொல்லவில்லை. 2012இல் வெளியான ஓர் ஆய்வில் 195 பார்க்கின்சன் நோயாளிகளைப் பிரித்து, வாரம் இரண்டு முறை, 24 வாரம் பயிற்சி கொடுத்தார்கள். எடைப் பயிற்சி, நீட்சிப் பயிற்சி இரண்டையும்விடத் தைச்சி செய்தவர்களின் சமநிலை கூடுதலாக மேம்பட்டது. அங்கே கற்றுக்கொடுத்தது நீண்ட வரிசை அல்ல, சில அசைவுகளை மட்டும் எடுத்துக் கோத்த சின்னத் தொகுப்பு என்பதைக் கவனியுங்கள்.

சண்டைக் கலையின் ருசி விடாதவர்களுக்குத் தைச்சியிலேயே சென் பாணி. ஹெனான் மாகாணத்தின் சென்ஜியாகோ கிராமத்தில் 17ஆம் நூற்றாண்டில் சென் வாங்திங்கிடம் தொடங்கியதாகச் சொல்லப்படும் மரபு இது. யாங் பாணியைத் தொடங்கிய யாங் லூச்சான் கற்றதும் அந்தக் கிராமத்தில்தான். மெதுவாக ஓடிக்கொண்டே இருக்கும் அசைவு திடீரென்று ஒரு குத்தாக வெடிக்கும். கராத்தேக்காரருக்கு அது பெரிய கவர்ச்சி, எனக்கும்தான். ஆனால் தாழ்ந்த நிலையில் இடுப்பைத் திருப்பும்போது முழங்கால் பாதத்தின் திசையை விட்டு உள்ளே சரிந்தால் மூட்டு போய்விடும். காணொளி பார்த்துக் கற்கவே கூடாத பாணி.

பாதுவான்ஜின் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சீனாவின் சோங் அரச வம்சக் காலத்திலிருந்து பேசப்படும் எட்டு அசைவுகள். 2003இல் சீனாவில் தரப்படுத்தப்பட்ட வடிவம் சுமார் 12 நிமிடம். வில் இழுப்பது, ஒரு கையை மேலே தள்ளி மறு கையைக் கீழே அழுத்துவது, கடைசியில் குதிகாலை ஏழு முறை தூக்கித் தொப்பென்று இறக்குவது. ஒவ்வொன்றையும் திரும்பத் திரும்பச் செய்வதால் சில வாரத்தில் கைவந்துவிடும். அம்மா அப்பாவுக்குச் சொல்லிக்கொடுக்க இதுதான் ஏற்றது. எங்கள் புளோக் கீழே காலையில் செய்யும் சீன ஆன்ட்டிகளில் எழுபதைத் தாண்டியவர்களும் உண்டு.

"அப்படியானால் 'சி' என்ற உயிர்விசை?" என்று கேட்பார்கள். நிற்கும்போது உள்ளங்கை சூடாகும், விரல் நுனி குறுகுறுக்கும். அது உண்மையான அனுபவம். தளர்ந்த கையில் ரத்தம் நன்றாக ஓடுகிறது என்று எடுத்துக்கொண்டாலும் பயிற்சிக்கு ஒரு குறையும் வராது. தொடாமலே ஆளைத் தள்ளுவேன், தூரத்திலிருந்து நோய் தீர்ப்பேன் என்கிற ஆசிரியரிடமிருந்து மட்டும் விலகிவிடுங்கள். போதிதர்மர் பெயரைச் சொல்லி வருகிற 'யீஜின்ஜிங்' என்ற பயிற்சி நூலும் 17ஆம் நூற்றாண்டைச் சேர்ந்ததுதான். நம் ஊர்க்காரர் தந்தது என்ற பெருமைக்காக அதில் சேர வேண்டாம், பயிற்சி பிடித்திருந்தால் சேருங்கள்.

கராத்தேயிலிருந்து வருகிறவருக்கு நான் சொல்லும் வரிசை: முதல் சில மாதம் ஜான்ஜுவாங், கூடவே பாதுவான்ஜின். அப்புறம் மூட்டு நன்றாக இருந்து நல்ல ஆசிரியரும் கிடைத்தால் சென், இல்லையென்றால் யாங். 24 அசைவை அந்தக் கட்டத்தில் கற்றால் அதுவே வேறு மாதிரி இருக்கும். ஆசிரியரைத் தேர்ந்தெடுக்க, முதல் வகுப்பில் அவர் உங்களிடம் எதைத் திருத்துகிறார் என்று பாருங்கள். கை எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிட்டு முழங்காலையும் பாதத்தையும் முதலில் சரிசெய்தால், அங்கேயே சேர்ந்துவிடலாம்.