உலர்ந்துபோன சுருட்டை மீட்பது: ஹியூமிடாரா, ஈரப்பதப் பொதியா?

குளிரூட்டப்பட்ட அறையின் அலமாரியில் பல ஆண்டுகள் கவனிப்பாரற்றுக் கிடந்த கியூபச் சுருட்டுப் பெட்டி ஒன்று என்னிடம் வந்தபோது, மூன்று வழிகளை ஆராய்ந்தேன்: ஈரப் பஞ்சை உடன் வைத்து மூடுவது, சுருட்டுகளின் ஈரப்பதம் காக்கும் மரப்பெட்டியான ஹியூமிடாரில் அடுக்குவது, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் இருவழி ஈரப்பதப் பொதிகளோடு வைப்பது. மூன்றாவதைத் தேர்ந்தேன், கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

ஈரப் பஞ்சைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மூடிய டப்பாவின் காற்றை அது மிதமிஞ்சி ஈரமாக்கிவிடும். சார்பு ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் பூஞ்சைக்கு வழி திறந்துவிடும். சென்னைக் கடற்காற்றில் திறந்து வைத்தாலே போதும் என்பாரும் உண்டு. ஆனால் மழைக்காலத்தில் 80 சதவீதத்தை எட்டும் அக்காற்று, குளிர்சாதனம் ஓடும் அறையில் வெகுவாக வறண்டுவிடுகிறது. இந்த ஏற்ற இறக்கமே இலைக்குக் கேடு.

தீர்மானிக்க வேண்டியது ஈரம் ஏறும் வேகத்தைத்தான். சுருட்டின் திறந்த நுனி வழியாக ஈரம் நேரே உள்ளிலைக்குள் புகுகிறது. உள்ளிலை ஊதிப் பெருக்கும்போது, காய்ந்து நெகிழ்ச்சியிழந்த மெல்லிய மேலிலை அதற்கு இடங்கொடுக்க முடியாமல் கீறிப் பிளக்கிறது. பிளந்த மேலிலையை எந்த ஈரமும் ஒட்டவைக்காது. ஆகவே, படிப்படியாக ஏற்ற இடந்தரும் முறையே நல்ல முறை.

பொதிகளின் சிறப்பு அங்கேதான் இருக்கிறது. நீராவியை மட்டும் கடத்தும் உறைக்குள் செறிவான உப்புக் கரைசலைக் கொண்ட அவை, குறித்த அளவுக்குக் கீழே போனால் ஈரத்தை விடுகின்றன, மேலே போனால் உறிஞ்சிக்கொள்கின்றன. பொவேடா போன்ற நிறுவனங்கள் 62, 65, 69 சதவீதப் பொதிகளை விற்கின்றன. முதலில் 62 சதவீதப் பொதியை வைத்து, சுருட்டுகளை அவற்றின் மரப்பெட்டியிலேயே மூடியபடி டப்பாவுக்குள் இறக்கினேன். காய்ந்த மரம் முதல் ஈரத்தை வாங்கிக்கொள்வதால் இலைக்கு அது மெதுவாகவே சென்று சேர்கிறது. சில வாரங்கள் கழித்துப் பெட்டி மூடியைத் திறந்துவிட்டு, பிறகு 65-க்கு மாற்றினேன். ஒரு சுருட்டை மட்டும் 0.1 கிராம் துல்லியமுள்ள தராசில் அவ்வப்போது நிறுத்துப் பார்ப்பது மிக உதவும்: எடை ஏறுவது நின்றால்தான் அந்தப் படி முடிந்தது என்று பொருள். 42 வளைய அளவுள்ள (சுருட்டின் தடிமனைக் குறிக்கும் அளவு) மாண்டெக்ரிஸ்டோ எண் 4 போன்ற மெலிந்த சுருட்டு விரைவில் தேறும்; ரொபஸ்டோ எனும் 50 வளையத் தடித்த வகைக்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

ஹியூமிடார் அழகானது, தேறிய சுருட்டுகளை நெடுங்காலம் காக்க ஏற்றது. அதன் ஸ்பானிய செடார் மரத்தின் மணமும் தனிச் சிறப்பு. ஆனால் மரத்தையே முதலில் ஈரமேற்றிப் பக்குவப்படுத்த வேண்டும். 84 சதவீதப் பொதிகளோடு அதற்கே இரண்டு வாரங்கள் ஆகும். அதில் வரும் சாதாரணப் பஞ்சு ஈரத்தை விடுமே தவிரத் திரும்ப வாங்காது; காய்ச்சி வடித்த நீரையும் ஓயாமல் ஊற்றிக்கொண்டிருக்க வேண்டும். படிப்படியாக ஏற்றும் வேலைக்கு அது பொருந்தவில்லை.

எந்த வழியானாலும் ஈரப்பதமானியை முதலில் சோதித்துவிடுங்கள். ஒரு மூடியில் சமையல் உப்பைச் சேறுபோல் குழைத்து, கருவியோடு பையில் ஒரு நாள் மூடி வைத்தால் 75 சதவீதம் காட்ட வேண்டும். புகையிலை வண்டின் முட்டைகள் வெப்பத்தில் பொரியும் என்பதால், டப்பாவைக் குளிர்ந்த அறையில் வையுங்கள்.

நிகராகுவா சுருட்டுகளை 69 வரை ஏற்றுவோர் உண்டு. நான் கையாண்டவை பெரும்பாலும் கியூபாவைச் சேர்ந்தவை என்பதால் அதை உறுதியாகப் பரிந்துரைக்க இயலவில்லை. ஈரம் திரும்பினாலும் ஆவியாகிப்போன எண்ணெய்கள் திரும்புவதில்லை. நெகிழ்ச்சியும் சீரான எரிதலும் கிடைத்தன, மணம் ஓரளவுக்கே மீண்டது.