ஸ்டீல் ஃப்ரேமில் ஹேங்கர் வளைந்தால் கேஸ் டார்ச்சைப் பக்கத்தில் விடாதீர்கள்

சென்னையில் பழைய ஸ்டீல் ஃப்ரேம் கியர் சைக்கிளை ஆசையாக வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு சர்வீஸுக்குக் கொடுங்கள். என் குரோமோலி (குரோமியம், மாலிப்டினம் கலந்த ஸ்டீல்) ஃப்ரேமை ஒரு பெரிய ஷோரூமில் கெடுத்துவிட்டு அதற்குப் பில்லும் போட்டார்கள்.

அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் யாரோ ஸ்கூட்டரை எடுக்கும்போது சைக்கிளை வலது பக்கமாகத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். பின் டிரெய்லியர் (செயினைப் பல்சக்கரம் விட்டுப் பல்சக்கரம் மாற்றும் பாகம்) தொங்கும் ஹேங்கர் சக்கரத்தை நோக்கி வளைந்துவிட்டது. நடு கியர்களில் கடகட சத்தம்; பெரிய பல்சக்கரத்துக்குப் போனால் டிரெய்லியர் ஸ்போக் கம்பியை உரசியது. அந்த நிலையில் ஓட்டவே கூடாது. கம்பியில் மாட்டினால் டிரெய்லியர் பிய்ந்து, பின்சக்கரமும் சட்டென்று நின்றுவிடும். அதனால் உருட்டிக்கொண்டே போனேன்.

"இதுக்கு ஹேங்கர் ஸ்பேர் வராது சார், ஃப்ரேம் அவுட்" என்றார் கவுண்டரில் இருந்தவர். அடுத்த நிமிடமே ஒரு புது அலுமினிய சைக்கிளைக் காட்டினார். அலுமினியத்தை வளைத்து நிமிர்த்தினால் விரிசல் விடும் என்பதால் அந்த ஃப்ரேம்களில் ஹேங்கரைத் தனித் துண்டாகச் செய்து திருகி மாட்டுகிறார்கள். என்னுடையது போன்ற ஸ்டீல் ஃப்ரேமில் அது டிராப்அவுட்டோடு (பின்சக்கர அச்சு உட்காரும் ஃப்ரேம் முனை) சேர்ந்த ஒரே இரும்பு. சூடே இல்லாமல் நிமிர்த்தலாம் என்பதால்தான் ஸ்பேர் தேவைப்படுவதில்லை. இதைச் சொன்னதும், "சரி விட்டுட்டுப் போங்க, பெண்டு எடுத்துத் தர்றோம்" என்றார்.

திரும்பப் போனபோது டிராப்அவுட்டைச் சுற்றிப் பெயிண்ட் கொப்பளித்துக் கருகியிருந்தது. டார்ச்சில் சிவக்கச் சுட்டு, ஸ்பானரால் நெம்பியிருக்கிறார்கள். சில மில்லிமீட்டர் வளைவுக்கு இது தேவையே இல்லை. பல ஸ்டீல் ஃப்ரேம்களில் டிராப்அவுட்டைக் குழாயோடு பற்றவைத்துத்தான் சேர்த்திருப்பார்கள். அது வெள்ளிக் கலவைப் பற்றாக இருந்தால் 600 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலேயே இளகத் தொடங்கும். நன்றாகச் சிவந்த இரும்பின் சூடு அதைத் தாண்டிவிடும்.

மரையின் கதி இன்னும் மோசம். ஹேங்கர் ஓட்டையின் மரை 10 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் 1 மில்லிமீட்டர் இடைவெளி. ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் சாதாரண 10 மில்லிமீட்டர் போல்ட்டுக்கு இடைவெளி 1.5. அப்படி ஒன்றை வைத்து "மரை சுத்தம்" செய்ததாக மெக்கானிக்கே சொன்னார். டிரெய்லியர் போல்ட் கோணலாகத்தான் ஏறியிருந்தது.

எனக்கு மிகவும் கோபம் வந்தது வேறொன்றில். டிரெய்லியர் ஸ்போக்கில் படாமலிருக்க அது எவ்வளவு தூரம் நகரலாம் என்று தடுக்கும் லிமிட் ஸ்க்ரூவை முடுக்கி, பெரிய பல்சக்கரத்துக்கே போக முடியாதபடி செய்துவிட்டு "கியர் டியூனிங்" என்று தனியாகக் காசு வாங்கினார்கள். சென்னையின் சமதரையில் அந்த கியர் யாருக்கும் நினைவுக்கு வராது. ஏற்காடு ஏறும்போதுதான் தெரியும்.

இதற்கென்றே ஹேங்கர் கேஜ் இருக்கிறது. பார்க் டூல் நிறுவனத்தின் டிஏஜி-2.2 பலருக்கும் தெரிந்தது. டிரெய்லியரைக் கழற்றிவிட்டு, அந்த ஓட்டையிலேயே கேஜின் நீளக் கையைத் திருகுவார்கள். பின்சக்கரம் சரியாக உட்கார்ந்து இறுக்கமாக இருக்க வேண்டும். கை முனைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளியை மேல், கீழ், முன், பின் என நான்கு இடத்தில் பார்ப்பார்கள். ரிம்மில் கோட்டம் இருந்தாலும் அளவு ஏமாற்றாமலிருக்க, ஒவ்வொரு முறையும் வால்வு இருக்கும் இடத்தையே முனைக்குச் சுழற்றிக் கொண்டுவர வேண்டும். வித்தியாசம் 4 மில்லிமீட்டருக்குள் வரும்வரை கொஞ்சம் கொஞ்சமாக வளைக்க வேண்டும். 10 ஸ்பீடு கேசட்டில் (பின்சக்கரத்தின் பல்சக்கர அடுக்கு) பல்சக்கரங்களுக்கு இடையே சுமார் 4 மில்லிமீட்டர்தான் என்பதால், நான் 2-க்குள் கேட்பேன்.

அப்புறம் ஒரு வயதான மெக்கானிக்தான் காப்பாற்றினார். மரை வெட்டும் டேப் கருவியைப் போட்டும் மரை பிடிக்கவில்லை. ஓட்டையைப் பெரிதாக்கி, உள்மரை உள்ள இரும்புப் புஷ்ஷைப் பின்பக்கமிருந்து செருகி, கேஜ் வைத்துச் சூடில்லாமல் நேராக்கினார். ஷோரூம் பில்லில் பாதிகூட ஆகவில்லை.

சைக்கிளைக் கொடுக்கும் முன் "கேஜ் இருக்கா, காட்டுங்க" என்று கேளுங்கள். இல்லையென்றால் திரும்பி வந்துவிடுங்கள். காசு கொடுக்கும் முன் ஸ்டாண்டில் ஏற்றி, பெரிய பல்சக்கரம்வரை எல்லா கியரையும் நீங்களே மாற்றிப் பாருங்கள். கருகிய டிராப்அவுட்டின் படங்களும் பில்லும் என்னிடம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறேன். கடையிலிருந்து இன்னும் பதில் இல்லை.