கண் கருவியா, எழுத்துப் பலகையா: முதலில் எது?

போன மாதம் இங்கே பெங்களூரில் அல்சூரிலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். என் கணவரைப் போலவே அவர் மகனுக்கும் ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய். பேச்சு குழறத் தொடங்கிவிட்டது, கண்ணால் இயக்கும் கம்ப்யூட்டர் வாங்கலாமா, எழுத்துப் பலகை போதுமா என்று கேட்டார். எங்கள் வீட்டில் இரண்டும் இருக்கின்றன. அவரிடம் சொன்னதையே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

என் கணவருக்கு முதலில் கை போனது, அப்புறம் பேச்சு. மூளையிலும் தண்டுவடத்திலும் இருந்து தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் இந்த நோயில் அழிந்துகொண்டே வருகின்றன. கண்ணை அசைக்கும் தசைகள் மட்டும் பெரும்பாலானவர்களுக்கு வெகுகாலம் தாக்குப்பிடிக்கின்றன. அதனால் ஒரு வருடத்துக்கும் மேலாக இவர் சொல்வதெல்லாம் கண் வழியாகத்தான்.

நாங்கள் முதலில் வாங்கியது கருவி. லேப்டாப் திரைக்குக் கீழே பொருத்தும் ஒரு பட்டை அது. அகச்சிவப்பு ஒளியைக் கண்ணில் பாய்ச்சி, அது பட்டுத் தெறிக்கும் புள்ளியையும் கண்மணியையும் கேமராவில் பார்த்து, திரையில் எங்கே பார்க்கிறார் என்று கணக்கிடும். ஒரு எழுத்தின் மேல் சற்று நேரம் பார்வையை நிறுத்தினால் அது பதிவாகும். முடித்ததும் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்கும். விண்டோஸில் இருக்கும் தமிழ்க் குரலுக்கு வள்ளுவர் என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அது தெரிந்த அன்று இவர் முகத்தில் வந்த வெளிச்சம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

பலகை பிறகுதான் வந்தது, அதுவும் கருவி பழுதாகிக் கிடந்த பத்து நாளில் வேறு வழியில்லாமல். பெயர்ப்பலகை செய்யும் கடையில் கண்ணாடி போன்ற 3 மில்லிமீட்டர் அக்ரிலிக் தகட்டை வெட்டி வாங்கினேன். 600 ரூபாய்கூட ஆகவில்லை. நடுவில் ஒரு திறப்பு. அதன் வழியே நான் இவர் கண்ணைப் பார்க்கிறேன், இவர் எழுத்துகளைப் பார்க்கிறார்.

இதில் தமிழுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது. 247 எழுத்தை எப்படி ஒரு பலகையில் வைப்பது என்று முதலில் மலைத்துப்போனேன். வைக்கவே வேண்டாம். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 போதும், மற்றதெல்லாம் சேர்க்கைதான். அந்தப் பதினெட்டையும் நம் இலக்கணம் ஏற்கெனவே ஆறாறாகப் பிரித்து வைத்திருக்கிறது: கசடதபற, ஙஞணநமன, யரலவழள. உயிரெழுத்துகளை இரண்டு ஆறாகப் பிரித்தேன். மிச்சமிருந்த ஆறாவது கட்டத்தில் ஆய்தம், நான்கு கிரந்த எழுத்து, அப்புறம் 'சொல் முடிந்தது' என்பதற்கு ஒரு கோடு. மொத்தம் ஆறு கட்டம், கட்டத்துக்கு ஆறு இடம். இவர் முதலில் கட்டத்தைப் பார்ப்பார், அடுத்து அந்த எழுத்து கட்டத்துக்குள் எந்த இடத்தில் இருக்கிறதோ அந்தத் திசையைப் பார்ப்பார். எழுத்துக்கு இரண்டு பார்வை. புள்ளியை விட்டுவிட்டோம். தண்ணீர் வேண்டுமென்றால் 'தண' வரை வந்தாலே எனக்குப் புரிந்துவிடும்.

வேகம், விலை இதையெல்லாம் எல்லோருமே யோசிப்பார்கள். நீளமாக எழுத கருவிதான் வேகம். நல்ல தனிக் கருவி லட்சங்களில் போகும். நான் சொல்ல வந்தது அன்றாடப் பராமரிப்பைப் பற்றி. வாங்கும்போது யாரும் இதை எங்களுக்குச் சொல்லவில்லை.

கருவி, கண்ணும் திரையும் ஒரே நிலையில் இருப்பதை நம்பியிருக்கிறது. தலை ஒரு பக்கம் சரிந்தால், தலையணையை மாற்றினால், ஒருக்களித்துப் படுக்கவைத்தால், திரையை நகர்த்தி மறுபடியும் திரையில் வரும் புள்ளிகளைப் பார்க்கவைத்துச் சரிசெய்ய வேண்டும். எங்கள் அறை கிழக்கு பார்த்தது. காலை வெயில் நேராக வந்தால் திரைச்சீலையை இழுத்து மூட வேண்டும். கண் காய்ந்தால் சொட்டு மருந்து விட்டுக் காத்திருக்க வேண்டும். இமை கனக்கும் சாயங்காலத்தில் எழுத்து தப்புத்தப்பாக விழும். இத்தனையையும் செய்கிறவள் நான் ஒருத்தி. அதே கையால்தான் சளி உறிஞ்ச வேண்டும், குழாய் வழியாக உணவு கொடுக்க வேண்டும், இரவில் மூச்சுக்கு உதவும் பைபாப் முகமூடியைச் சரிசெய்ய வேண்டும். இவருக்கு அவசரமாக ஏதாவது சொல்ல வேண்டியிருக்கும் நேரமும், என் கை ஓயாமல் இருக்கும் நேரமும் ஒன்றுதான். அப்போது கருவி தயாராக இருந்ததே இல்லை.

பலகையைத் துடைத்தால் போதும். ஆனால் அதன் உண்மையான பலம் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஒருநாள் ராத்திரி மூன்று மணிக்கு இவர் ஏதோ சொல்லத் தவித்தார். பலகை அடுத்த அறையில். ஜீரோ வாட் பல்ப் வெளிச்சத்தில் நான் வாயாலேயே கேட்டேன்: "வல்லினமா? மெல்லினமா?" ஆமாம் என்று கண் மேலே போனது. "ங, ஞ, ண, ந, ம..." மறுபடியும் மேலே. 'மூக்கு' என்று சொல்ல வந்திருக்கிறார், முகமூடி மூக்கில் அழுத்தியிருக்கிறது. பலகை எங்கள் இருவர் தலைக்குள்ளேயும் ஏறியிருந்தது. அதற்குப் பிறகு ஆம்புலன்ஸிலும் இப்படித்தான் பேசினோம்.

இதே நோய் இருந்த விஞ்ஞானி ஸ்டீஃபன் ஹாக்கிங்கைப் பற்றிப் படித்தபோது இது ஒன்றும் புதிதில்லை என்று தெரிந்தது. 1985-இல் தொண்டையில் துளையிட்டு அவருக்குக் குரல் போனபோது, கம்ப்யூட்டர் வருவதற்கு முன், எழுத்து அட்டையில் ஒருவர் விரல் வைக்க வைக்க, சரியான எழுத்து வரும்போது புருவத்தை உயர்த்தித்தான் பேசியிருக்கிறார்.

பலகையிடம் ஒரு பெரிய குறை உண்டு. எதிரே ஆள் இல்லாவிட்டால் அது ஊமை. இவராகப் பேச்சைத் தொடங்க முடியாது, நான் வந்து கேட்க வேண்டும். நான் சொல்லை முந்திக்கொண்டு முடித்தால் இவருக்குக் கோபம் வரும், கண்ணை இறுக மூடிக்கொள்வார். கருவி முன்னால் இருக்கும்போது இவருக்கென்று ஒரு தனிமை கிடைக்கிறது. சென்னையில் இருக்கும் மகளுக்கு என் கண்ணில் படாமல் செய்தி அனுப்புகிறார், வீட்டுக் கணக்கைச் சரிபார்க்கிறார், பழைய அலுவலக நண்பர்களோடு கிரிக்கெட் பற்றிச் சண்டை போடுகிறார். இதைப் பலகையால் ஒருநாளும் தர முடியாது. அதனால்தான் பழுதுபார்க்கச் செலவு செய்து கருவியை வைத்திருக்கிறோம். காலையில் இரண்டு மணி நேரம் அது இவருக்கு.

பெங்களூரில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பகலில் வரும் அட்டெண்டர் பெண் கன்னடத்துக்காரி, தமிழ் கொஞ்சம் பேசுவாள், படிக்கத் தெரியாது. அவளுக்காக இரண்டாவதாக ஒரு சின்னப் பலகை செய்தேன். நீரு (தண்ணீர்), கஃப (சளி), நோவு (வலி) என்று கன்னட எழுத்தில் ஆறே சொற்கள். அவசரத்துக்கு அது போதும். ஆனால் வீட்டில் தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவர்தான், அவரும் பகலெல்லாம் வேலைக்குப் போகிறவர் என்றால், பலகைதான் முதலில் என்று நான் சொல்லும் வரிசையை மாற்றிக் கருவியை முதலில் வாங்குவதுதான் நியாயம்.

நாங்கள் வைத்திருப்பது லேப்டாப்பில் பொருத்தும் பட்டை. சக்கர நாற்காலியிலேயே பூட்டிவைக்கும் விலை கூடிய கருவிகளை நான் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. அவற்றில் இந்தத் தொல்லை குறைவாக இருக்கலாம். போனில் கண்ணால் இயக்கும் வசதிகளையும் இரண்டு நாள்தான் முயன்றோம்.

அந்த அம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: மகனுக்குப் பேச்சு இன்னும் கொஞ்சம் இருக்கும்போதே பலகையைத் தொடங்குங்கள், தப்பாகப் படித்தால் அவரே வாயால் திருத்துவார். எழுத்துகளை அவர் பக்கம் பார்த்து ஒட்டுங்கள். உங்கள் பக்கம் இடவலம் மாறித் தெரியும், அதனால் பின்னால் மார்க்கரில் சின்னதாக எழுதிக்கொள்ளுங்கள். கடையில் மூலைகளை உருட்டித் தேய்த்துத் தரச் சொல்லுங்கள். எங்கள் முதல் பலகையின் முனை இவர் கன்னத்தைக் கீறிவிட்டது.