லிங்கனின் வீடும் ஒரு வழக்கறிஞரின் சம்பாத்தியமும்

இல்லினாய் மாநிலத் தலைநகரான ஸ்பிரிங்ஃபீல்டில், எட்டாம் தெருவும் ஜாக்சன் தெருவும் சந்திக்கும் முனையில், ஆபிரகாம் லிங்கன் தமக்கெனச் சொந்தமாக வாங்கிய ஒரே வீடு நிற்கிறது. அதைப் பராமரிக்கும் அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை, பார்வையாளர் மையத்தில் இலவசச் சீட்டு வழங்கி, சிறு குழுக்களாக வழிகாட்டியுடன் உள்ளே அனுப்புகிறது. லிங்கனின் மகன் ராபர்ட் 1887இல் வீட்டை மாநில அரசிடம் ஒப்படைத்தபோதே, எவரிடமும் கட்டணம் வாங்கக் கூடாது என்று நிபந்தனை விதித்தார். அவரும் வழக்கறிஞர்தாம் என்பதால் அந்த முன்யோசனை வியப்பளிக்கவில்லை.

மரச்சாமான்களையும் சுவர்க்காகிதத்தையும் விட, இந்த வீடு வளர்ந்த கதைதான் என்னைக் கவர்ந்தது. 1844இல் 1,200 டாலர் ரொக்கமும் ஒரு மனையும் கொடுத்து லிங்கன் இதை வாங்கியபோது, மேல்தளம் பாதியளவே உயரம் கொண்ட எளிய வீடாக இது இருந்தது. 1847 முதல் 1849 வரை காங்கிரஸ் உறுப்பினராக இருந்துவிட்டு ஊர் திரும்பியவர், எட்டாவது நீதிமன்ற வட்டாரத்தில் ஊர் ஊராகச் சென்று வழக்காடிச் சேர்த்த பெயரும் வருவாயும் உயர்ந்த பின்னரே, 1856 அளவில், முழுமையான மாடி எழுந்தது. அதற்கு மறு ஆண்டு, மாவட்ட வரி வழக்கொன்றில் தாம் வெற்றி தேடித்தந்த இல்லினாய் சென்ட்ரல் ரயில் நிறுவனம் 5,000 டாலர் கட்டணத்தைத் தர மறுத்தபோது, அதன் மீதே வழக்குத் தொடுத்து வசூலித்தார். ஏழை மரக்குடிசைச் சிறுவன் என்ற படிமத்திலேயே ஊறியவர்களுக்கு, கணக்கில் கறாரான இந்த மனிதரைச் சந்திப்பது நல்லது.

கீழ்த்தளத்து வரவேற்பறையில்தான், 1860 மே மாதம், குடியரசுக் கட்சியின் குழு வந்து, அவர் அதிபர் வேட்பாளராகத் தேர்வானதை முறைப்படி தெரிவித்தது. அறை எதிர்பார்ப்பதைவிடச் சிறியது. மாடிப்படியின் கைப்பிடி அக்காலத்தது. தொட்டுப் பிடித்தே ஏறலாம். சுற்றியுள்ள தெருக்களில் வாகனங்களே இல்லாதது கூடுதல் வசதி.

ஆயினும் வீடு குடும்பத் தலைவரைத்தான் காட்டும்; தொழிலைக் காட்டாது. ஆறாம் தெருவும் ஆடம்ஸ் தெருவும் சேரும் இடத்தில், நடந்துபோகும் தொலைவிலேயே, 1840களில் முதலில் ஸ்டீஃபன் லோகனுடனும் பிறகு வில்லியம் ஹெர்ன்டனுடனும் கூட்டாக அவர் அலுவலகம் வைத்திருந்த கட்டடம் உள்ளது. அதன் இரண்டாம் தளத்தில் கூட்டாட்சி நீதிமன்றமே இயங்கியது என்பதை அறியும்போது, இடத்தேர்வில் அவருக்கிருந்த சாமர்த்தியம் புரியும். நேரம் குறைவாக உள்ளவர்களும் இந்த அலுவலகத்தை முதலில் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருவதையே பரிந்துரைப்பேன். கோடையில் கூட்டம் சேருமுன், காலையிலேயே சீட்டு வாங்கிக்கொள்வது நல்லது.